மழைக்கோட்டும் மருமகனுக்குக் கொடுத்த வாக்கும்

அத்தியாயம் 17

மழை வரப்போகிறது என்று யாக்கோப்புக்கு ரேடியோ சொல்லத் தேவையில்லை. முப்பத்தொரு வருடம் தபால் பையும் சைக்கிளுமாக மழையில் திரிந்த உடம்பு அது. வலது முழங்கால் முதல் நாளே அறிவித்துவிடும். சனிக்கிழமை விடியற்காலையில் அந்த முழங்கால் அவரைப் படுக்கையை விட்டு எழும்ப விடாமல் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் கைபேசி அடித்தது. கட்டாரிலிருந்து மருமகன் பிறின்ஸ். அங்கே நாலு மணிகூட ஆகியிருக்காது.

"மாமா, அவள் பக்கத்தில நிக்கிறாளா?"

"இல்ல தம்பி, கிணத்தடியில நிக்கிறாள். சொல்லுங்க."

"இண்டைக்குக் கடைக்குப் போறீங்கதானே?"

"ஓம். ஓட்டமாவடிக்கு. டவுனுக்குள்ள பாத்தது ஒண்டும் சரிவரல்ல."

பிறின்ஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"ஓட்டமாவடியிலயும் சரிவரல்லயெண்டு சொல்லிப்போடுங்க மாமா."

இந்தக் கதையை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு டினோஷா விழுந்தது மறந்திருக்காது. புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. யாக்கோப்பு, மக்டலின் தம்பதியின் ஒரே மகள் டினோஷா. வேலை கால்நடைப் போதனாசிரியர். செட்டிபாளையத்து வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் செங்கலடிப் பக்கம் உள்ள கந்தோருக்குப் போய், அங்கிருந்து பதுளை வீதியால் ஏறி, நோய்க்கும் கன்று ஈனலுக்கும் மாட்டுக்காரர் கூப்பிடும் இடமெல்லாம் போவாள். ஐப்பசி முதல் மழையில் வயல் பாதை ஒன்றில் சறுக்கி விழுந்து, இடுப்பு கன்றி, இரண்டு கிழமை படுக்கையில் கிடந்தாள். அவள் போட்டிருந்த நீட்டு மழைக்கோட்டின் தொங்கல் செயினுக்குள் போய்ச் சுற்றியதுதான் காரணம். அந்தக் கோட்டு தபால் கந்தோரில் யாக்கோப்புக்குக் கொடுத்தது. "நல்ல கோட்டு, மகள், நீ போடு" என்று எடுத்துக் கொடுத்தவரும் அவரேதான்.

அதைக் கேள்விப்பட்ட பிறின்ஸ், ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவனிடம் தோளிலும் முழங்கையிலும் தடித்த காப்பு வைத்த ஜக்கெட், முழங்கால் காப்பு, உயரமான சப்பாத்து, கையுறை எல்லாம் வாங்கிக் கொடுத்தனுப்பினான். விழுந்தால் எலும்பு முறியாது. ஆனால் மழைக்கு அந்த ஜக்கெட் ஒன்றும் செய்யாது, தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். ஆகவே புருசனும் பெண்சாதியும் தொலைபேசியில் இரண்டு நாள் சண்டைபிடித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த ஜக்கெட்டுக்கு மேலால் போடக்கூடிய, மழை உள்ளே போகாத உடுப்பு ஒன்று கிடைத்தால் அவள் வேலைக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் தை முடியும்வரை சம்பளமில்லாத லீவு. லீவு போட்டால் அவளுடைய வட்டாரம் வேறு ஒருவருக்குப் போய்விடும், அவள் கந்தோருக்குள் காகிதக் கோவை அடுக்கவேண்டியதுதான். உடுப்பு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல யாக்கோப்பு. அதை இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்தத் தீர்ப்பைத்தான் பிறின்ஸ் இப்போது முன்கூட்டியே கேட்கிறான்.

"தம்பி, அது… அவள் என்னை நம்பித்தானே…"

"அதுக்குத்தான் மாமா உங்களக் கேக்கிறன். நான் சொன்னாச் சண்டை. நீங்க சொன்னா மறுபேச்சு இல்ல. அவள் விழுந்த அண்டைக்கு நான் இஞ்ச றூமுக்குள்ள போனைப் பாத்துக்கொண்டு குந்தியிருந்தன். ஒரு தண்ணி எடுத்துக் குடுக்கக்கூட என்னால ஏலாமப் போச்சு. இன்னொருக்கா அப்பிடி இருக்க என்னால ஏலா மாமா."

அவன் குரல் உடைந்தது.

இந்தப் பக்கத்தில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். கல்யாணத்தோடு கல்வீட்டையும் வளவையும் டினோஷாவின் பெயருக்கு எழுதிவிட்டு, யாக்கோப்பும் மக்டலினும் பின்னால் இரண்டு அறை கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். யாரும் ஒதுங்கச் சொல்லவில்லை, அது அப்படித்தான். தன் வீட்டை விட்டுத் தங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளை, வந்த நாளிலிருந்து ஒரு தேத்தண்ணிகூடக் கேட்டு வாங்கிக் குடிக்காதவன், வாய் திறந்து ஒன்று கேட்கிறான். இல்லை என்று சொல்ல யாக்கோப்புக்கு நாக்கு வரவில்லை. உள்ளுக்குள் இன்னொன்றும் இருந்தது. மகள் மழைக்குள் போகாமல் வீட்டிலிருந்தால் தானும் நிம்மதியாகப் படுக்கலாம்.

"சரி தம்பி," என்றார்.

திரும்பிப் பார்த்தால் மக்டலின் அடுப்படி வாசலில் நிற்கிறாள்.

"மருமகனோட விடியக்காலமே என்ன குசுகுசுப்பு?"

"சுகம் விசாரிச்சார்."

"உங்கட முகத்தப் பாத்தா சுகம் விசாரிச்ச மாதிரி இல்லையே." அவள் எப்போதோ ஊற்றி வைத்த தேத்தண்ணியை அவரிடம் நீட்டினாள். "இஞ்சருங்க, அந்தப் புள்ள உங்கட வாயத்தான் பாத்துக்கொண்டு இருக்காள். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யாக்கோப்பு தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். அது ஏற்கனவே ஆறித்தான் இருந்தது.

*

டினோஷா ஜக்கெட்டும் காப்புகளும் சப்பாத்தும் போட்டு வந்து நின்றபோது, முற்றத்தில் நின்ற கோழிகள் எல்லாம் விலகி வழி விட்டன.

"கடைக்குத்தானே போறம். இதெல்லாம் என்னத்துக்குப் புள்ள?"

"இதுக்கு மேலால போட்டுப் பாக்காம எப்பிடி அப்பா அளவு தெரியும்? போன கிழமை சட்டையோட போய்த்தானே மூண்டு கடையிலயும் ஏமாந்தம். ஏறுங்க."

அவர் பின்னால் ஏறிக்கொண்டார். கல்லடிப் பாலம், டவுன், ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் நன்றாக ஓட்டினாள். பள்ளம் வருவதற்கு முன்பே வேகம் குறைத்தாள், பஸ் ஒன்று முந்த வந்தபோது பதறாமல் ஒதுங்கி விட்டாள். தன் மகள் இவ்வளவு நிதானமாக ஓட்டுவாள் என்று யாக்கோப்பு இன்றைய நீட்டுப் பயணத்தில்தான் கவனித்தார். பெருமைப்பட வேண்டிய நேரம், ஆனால் மனதுக்குள் அந்தச் "சரி தம்பி" கிடந்து உருண்டது.

ஓட்டமாவடிக் கடைக்காரர் ஜிப்ரிக்கு ஐம்பது வயதிருக்கும். கடை முழுக்க ஹெல்மெட்டும் டயரும் கையுறையும். டினோஷாவை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தார்.

"இந்த ஜக்கெட்டுக்கு மேலாலயா போடப்போற? அப்ப நல்ல காரியம் செஞ்சீங்க, அதப் போட்டுக்கொண்டே வந்தது. கனபேர் வெறும் மேலோட வந்து அளவு பாத்து எடுத்திட்டு, மறுகா மாத்தித் தா எண்டு வாற."

முதலில் அவர் இறக்கியது காலிலிருந்து கழுத்துவரை ஒரே உடுப்பாக இருந்த ஒன்று. இடுப்பில் பிரிவே இல்லாததால் தண்ணீர் போக வழியே இல்லை என்றார்.

டினோஷா சிரித்துவிட்டு, அண்ணனை 'நானா' என்னும் அந்த ஊர் வழக்கப்படியே அவரைக் கூப்பிட்டாள். "நானா, நான் காலையில போனா பின்னேரம்தான் வாற. வயலுக்குள்ள நிக்கக்குள்ள ஒரு அவசரமெண்டா, இத முழுக்கக் கழட்டியா போறது? அதுவும் மழைக்குள்ள?"

ஜிப்ரி அதை மடித்து வைத்தார்.

இரண்டாவது, மேலும் கீழும் தனித்தனி. பையில் மடித்தால் பேக்கரிப் பாண் ஒன்றளவுதான் வரும். போட்டுப் பார்த்தாள். தோளில் இருந்த காப்பு துருத்திக்கொண்டு நின்றது, ஜிப் நெஞ்சுவரை வந்து அதற்கு மேல் ஏற மறுத்தது. வெளியே போய் மோட்டார் சைக்கிளில் ஏறிக் கைபிடியைப் பிடித்தபோது சட்டைக் கை மணிக்கட்டிலிருந்து நாலு விரற்கடை மேலே ஏறிவிட்டது. காற்சட்டை சப்பாத்துக்கு மேலால் போகவே இல்லை.

"நிண்டு பாத்தா எல்லாம் சரிதான்," என்றார் யாக்கோப்பு தன்னை மறந்து. "குந்திப் பாக்கோணும். குந்தினாத்தான் எங்கெங்க ஏறுது எண்டு தெரியும். கையுறைக்குள்ள ஒருக்காத் தண்ணி போனா அண்டைக்கு முழுக்க அந்தக் குளிர்தான்."

"இதுக்குத்தான் அப்பாவக் கூட்டி வந்தது," என்று டினோஷா ஜிப்ரியிடம் சொன்னாள். "மழையப் பத்தி எங்கட அப்பாக்குத் தெரியாதது இல்ல."

யாக்கோப்பு குனிந்து தன் செருப்பு வாரைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"ஒண்டே ஒண்டு இரிக்கி," என்று ஜிப்ரி ஏணி வைத்து ஏறினார். "கொழும்பிலரிந்து மூணு வந்த. ரெண்டு போயிட்டு."

மஞ்சள் நிறம். முதுகிலும் கையிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி. டினோஷா போட்டாள். உள்ளே வலைத் துணி வைத்திருந்ததால் ஜக்கெட்டுக்கு மேலால் வழுக்கிக்கொண்டு இறங்கியது, தோள் காப்புக்கும் இடம் இருந்தது. ஜிப் கழுத்துவரை ஏறியது, அதன்மேல் ஒரு மடிப்பு விழுந்து மூடிக்கொண்டது. காற்சட்டைக்கு முழங்கால்வரை பக்கத்து ஜிப். அதைத் திறந்து சப்பாத்தோடேயே காலை விட்டாள். தொங்கல் எதுவும் இல்லை, செயினுக்குள் போக ஒன்றும் இல்லை.

வெளியே போய் ஏறி உட்கார்ந்தாள். கைபிடியைப் பிடித்தாள். சட்டைக் கை அசையவில்லை. முன்னால் குனிந்தாள், திரும்பிப் பார்த்தாள், காலை ஊன்றி எடுத்தாள். காற்சட்டை விளிம்பு சப்பாத்தை விட்டு ஏறவில்லை.

"அப்பா!" என்றாள். கண் இரண்டும் மின்ன, இருபத்தெட்டு வயதுப் பெண் பெருநாளுக்கு உடுப்பு எடுத்த பிள்ளையாக அவரைப் பார்த்தாள். "எப்பிடி?"

யாக்கோப்பு அந்த மஞ்சள் துணியைத் தடவிப் பார்த்தார். இப்படி ஒன்று தன் காலத்தில் தனக்குக் கிடைத்திருந்தால் இந்த முழங்கால் இப்படி ஆகியிருக்காது. இதைவிட நல்லது இந்த மாகாணத்தில் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும்.

"கழட்டித் தா. உள்பக்கம் பாப்பம்."

அவர் காற்சட்டையை உட்புறம் திருப்பினார். மழை முதலில் வருவது கழுத்தால் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. இருக்கையில் தேங்கி, கால் இரண்டும் பிரியும் இடத்துத் தையலால்தான் வரும். ஊசி போன ஒவ்வொரு ஓட்டைக்கும் மேலால் உள்ளே தண்ணீர் புகாத பட்டி ஒட்டியிருக்கவேண்டும். யாக்கோப்பு அந்தத் தையல் நெடுக விரலை ஓட்டினார். பட்டி ஒரு இடத்திலும் விடவில்லை. திரும்பவும் ஓட்டினார், எங்காவது விட்டிருக்கக் கூடாதா என்ற ஆசையில். இல்லை.

கடை வாசலில் ஒரு லொறி நின்று உறுமிவிட்டுப் போனது. அவர் அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"இஞ்ச பட்டி விட்டுக்கிடக்கு," என்றார்.

"எங்க?" ஜிப்ரி எட்டிப் பார்த்தார்.

யாக்கோப்பு காற்சட்டையை மடித்துக்கொண்டார். "கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும். ரெண்டு மழைக்குத் தாங்கும், மூண்டாம் மழைக்கு உள்ளுக்க வரும்."

"அப்ப தண்ணி ஊத்திப் பாப்பமா ஐயா? வாளி இரிக்கி. எனக்குப் பிரச்சினை இல்ல."

"முப்பத்தொரு வருசம் மழைக்குள்ள திரிஞ்சவன் நான். எனக்குத் தண்ணி ஊத்திப் பாக்கோணுமா?" குரல் தேவைக்கு அதிகமாகவே உயர்ந்துவிட்டது.

ஜிப்ரி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். வியாபாரம் போனதற்கு வருகிற கோபம் ஜிப்ரியின் முகத்தில் இல்லை. அதுதான் யாக்கோப்பை இன்னும் சுட்டது.

"அப்பா சொன்னாச் சரி," என்றாள் டினோஷா. அவ்வளவுதான்.

"நான் வெளியில நிக்கிறன் மகள். உள்ளுக்க புழுக்கமா இருக்கு."

"நீங்க போங்க. நான் இதுகள மடிச்சுக் குடுத்திட்டு வாறன்."

அவர் தெரு ஓரத்தில் நின்றார். மனிதர்கள் போனார்கள் வந்தார்கள். மகளிடம் ஒரு பொய் சொன்னதில்லை என்று சொல்ல முடியாது, எந்தத் தகப்பன் சொல்லவில்லை? ஆனால் அவள் தன்னிடம் நம்பிக் கொடுத்த ஒரே விசயத்தில் சொன்னது இதுதான் முதல் தடவை. போய் மாற்றிச் சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை திரும்பினார். திரும்பிய ஒவ்வொரு முறையும் பிறின்ஸின் உடைந்த குரல் கேட்டது.

டினோஷா வந்ததும் அவர் முன்னாலேயே கட்டாருக்கு எடுத்தாள்.

"கிடைக்கல்ல. அப்பா பாத்திட்டுச் சரியில்லையெண்டு சொல்லிட்டார். ஓம். சொன்ன சொல்லுத்தானே. திங்கக்கிழமை லீவு எழுதிக் குடுக்கிறன்."

மறுமுனையில் பிறின்ஸ் ஏதோ படபடவென்று பேசினான். அந்த மகிழ்ச்சி யாக்கோப்புக்கும் கேட்டது. "ஓம்… ஓம்… வைக்கிறன்" என்று அவள் கைபேசியை வைத்தாள். ஹெல்மெட்டைப் போட்டு முகக் கண்ணாடியை இறக்கினாள். உள்ளே அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. பார்க்கவும் பயமாக இருந்தது.

*

கிரானைத் தாண்டியபோது மழை பிடித்தது. செங்கலடிச் சந்திக்கு வந்து தேத்தண்ணிக் கடை ஒன்றின் தாவாரத்துக்குள் ஒதுங்கினார்கள். பிளேன்டீ இரண்டு வந்தது. ஒன்றும் பேசாமல் குடித்தார்கள்.

கைபேசி அடித்தது. நல்லரத்தினம். பதுளை வீதியால் போய், தரைப்பாலமாகக் கிடக்கும் ஒரு தாம்போதியைக் கடந்து உள்ளே இறங்கினால் அவருடைய மாட்டுக்கொட்டில். அவர் போட்ட சத்தம் யாக்கோப்புக்கும் கேட்டது.

"மிஸ், காலத்தாலரிந்து மாடு முக்குது மிஸ்! ரெண்டு காலும் வெளியில தெரியுது, தலையக் காணல்ல!"

"இழுக்காதீங்க ஐயா. ஒருத்தரையும் இழுக்க விடாதீங்க. தலை மடிஞ்சு கிடக்கும். நான் வாறன்."

அவள் எழும்பிவிட்டாள். யாக்கோப்பும் எழும்பினார்.

"டொக்டர் போவார்தானே புள்ள?"

"டொக்டர் திருகோணமலைக்குக் கூட்டத்துக்குப் போயிட்டார். அவங்களுக்கு இருக்கிறதே அந்த ஒரு பால்மாடு அப்பா. ஒரு மணித்தியாலத்துக்குள்ள போகாட்டி தாயும் இல்ல, கண்டும் இல்ல."

"மழை விட்டாப்போல…"

"மாடு மழைய எண்ணிக்கொண்டா நிக்கும்?"

தேத்தண்ணிக் கடைக்காரர் உள்ளே போய் ஒரு பொலித்தீன் உரப்பையை எடுத்து வந்தார். "தலைக்கு மேலால போத்திக்கொண்டு போங்க மகள்."

"வேணாம் அண்ணன். காத்துக்குப் பறந்து செயினுக்குள்ள போகும்," என்றாள். "ஒருக்கா விழுந்தது போதும்."

அவள் அதை யாரையும் குத்திச் சொல்லவில்லை. யாக்கோப்பைத்தான் போய்க் குத்தியது.

"நீங்க பஸ்ஸில வீட்ட போங்க அப்பா. அந்த வயல் பாதையில ரெண்டு பேர் போக ஏலா. ஒரு மணித்தியாலம், கூடினா ஒண்டரை. முடிஞ்சோடன கோல் எடுக்கிறன்."

மோட்டார் சைக்கிளில் ஏறியவள் உடனே ஸ்டார்ட் பண்ணவில்லை. முகக் கண்ணாடியை உயர்த்தி அவரைப் பார்த்தாள். ஏதோ கேட்கக் காத்திருக்கிற மாதிரி ஒரு பார்வை.

"என்னப்பா, ஏதும் சொல்லணுமா?"

அந்தக் கோட்டு நல்லதுதான் மகள், பட்டி எங்கேயும் விடவில்லை, நான்தான் பொய் சொன்னேன். மூன்று சிறு வசனம். சொன்னால் மருமகனுக்குக் கொடுத்த வாக்குப் போகும். சொன்னாலும் இந்த மழைக்கு இப்போது ஒன்றும் ஆகப்போவதில்லை, கோட்டு ஓட்டமாவடியில் இருக்கிறது. அப்படித் தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார்.

"கவனமாப் போ," என்றார்.

"சரிப்பா."

அவள் பதுளை வீதியில் திரும்பி மழைக்குள் போனாள். மங்கல் சாம்பல் நிற ஜக்கெட். இருபது யார் தாண்டியதும் அவளையும் மழையையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்த மஞ்சள் உடுப்பென்றால் வளைவுவரை தெரிந்திருக்கும்.

*

செட்டிபாளையம் பக்கம் போகிற பஸ் இரண்டு வந்தன, இரண்டும் போயின. யாக்கோப்பு ஏறவில்லை.

ஒரு மணித்தியாலம் போனது. ஒன்றரையும் போனது. மழை குறையவில்லை. அவர் அவளுக்கு எடுத்தார். தொடர்பில்லை என்றது. மழைக்குச் சிக்னல் போயிருக்கும், இல்லாவிட்டால் கைபேசி நனைந்திருக்கும். அவர் நல்லரத்தினத்தின் இலக்கம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதையும் நினைத்துத் தன்னைத் திட்டிக்கொண்டார்.

மேலே இருந்து இறங்கி வந்த உழவு இயந்திரக்காரர் ஒருவர் நனைந்த கோழியாகத் தேத்தண்ணிக்கு வந்து நின்றார்.

"தாம்போதியில தண்ணி றோட்டுக்கு மேலால ஓடத் தொடங்கிட்டு. இனி மோட்டார் சைக்கிள் போக ஏலா."

"ஒரு பொம்புளப்புள்ள, கறுத்த ஹெல்மெட்… கண்டீங்களா தம்பி?"

"மழைக்குள்ள ஆரை ஐயா கண்டது? கண்ணத் திறக்க ஏலாமத்தான் வந்தன்."

ஏதாவது செய்யவேண்டும். என்ன செய்வது? இந்த முழங்காலோடு நடந்து போக முடியாது. வானத்தைப் பிடித்து நிறுத்த முடியாது. அவரால் ஆகக்கூடியது ஒன்றே ஒன்றுதான். புறப்படும்போது ஜிப்ரி சட்டைப் பையில் செருகிவிட்ட விசிட்டிங் கார்டை எடுத்து, அதிலிருந்த இலக்கத்துக்கு அடித்தார்.

"நானா, நான் காலையில வந்த… அந்த மஞ்சள் கோட்டு பாத்தவன்."

"தெரியிது ஐயா. செல்லுங்க."

"அத ஒருத்தருக்கும் குடுத்திராதீங்க. எனக்கு வேணும். இப்பவே வேணும்."

ஜிப்ரி பெருமூச்சு விட்டது கேட்டது. "அத விக்க ஏலாது ஐயா. அது உங்கட மகள்ட."

"என்ன?"

"நீங்க வெளியில போய் நிண்டீங்கதானே, அப்பவே எடுத்திட்டா. 'அப்பா கேட்டா மட்டும் குடுங்க நானா. திங்கக்கிழமை வரைக்கும் அவர் கேக்கல்லயெண்டா நான் வந்து காசத் திருப்பி எடுத்துக்கிறன்' எண்டு செல்லிட்டுப் போன."

யாக்கோப்பு கைபேசியைக் காதோடு அழுத்தினார். "அவளுக்கு… தெரியுமா?"

"நீங்க போனாப்போல அந்தத் தையல் நெடுக அவவும் விரல ஓட்டிப் பாத்தா ஐயா. ஒண்டும் பேசல்ல. மடிச்சு எங்கிட்டத் தந்திட்டா."

கடைக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் தாவாரத்துக்குள் ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி குடித்தாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் முகக் கண்ணாடியை உயர்த்தி, ஏதும் சொல்லணுமா என்று கேட்டாள். கடைசித் தரமும் அவருக்கு இடம் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். அவர் கவனமாகப் போ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வெட்கத்தில் அவர் கண்ணால் தண்ணீர் வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

"ஐயா, லைன்ல இரிக்கீங்களா? இப்ப ஒரு மட்டக்களப்பு பஸ் வெளிக்கிடுது. கண்டக்டர்ட்டக் குடுத்து விடுறன். செங்கலடிச் சந்தியில வாங்குங்க."

முக்கால் மணித்தியாலத்தில் பஸ் வந்தது. கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி பொதியை நீட்டினார். யாக்கோப்பு இரண்டு கையாலும் வாங்கினார். மஞ்சள் உடுப்பு, மடிப்புக் குலையாமல், ஒரு துளி நனையாமல் அவர் நெஞ்சோடு இருந்தது. அதைப் போடவேண்டியவள் தாம்போதிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாளா, இந்தப் பக்கம் இருக்கிறாளா என்பதுதான் தெரியவில்லை. அவள் போய் இரண்டே முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது.

கைபேசி அடித்தது. பாய்ந்து எடுத்தார். வீடியோ கோல், திரையில் பிறின்ஸின் முகம்.

"மாமா, அவள்ட போன் வேலை செய்யல்ல. வீட்டயா நிக்கிறீங்க? அதென்ன சத்தம், மழையா?"

"தம்பி…" யாக்கோப்பு விழுங்கினார். "உங்களுக்குக் குடுத்த வாக்க நான் முறிச்சுப்போட்டன். கோட்டு நல்ல கோட்டு. ஒரு பழுதும் இல்ல. இந்தா, என்ட கையிலதான் இருக்கு."

பிறின்ஸின் பார்வை அந்தப் பொதியில் இருந்தது. பிறகு அவர் முகத்துக்கு வந்தது.

"உங்கட கையில இருக்கெண்டா… மாமா, அவள் எங்க?"

"மழைக்குள்ள, தம்பி."

கட்டாரில் அவனும் செங்கலடியில் அவருமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.